தமுக்கு அடித்தவள்

தம்பி,

உன் மகள் இப்போதுதான் தூங்கினாள். அவள் தூங்கியதும் கயலும் தூங்கிவிட்டாள். கயல் தூங்கியதும் உன் அப்பாவும் ஈசிசேரில் சாய்ந்துவிட்டார்; பிள்ளை பெற்றவரே அவர்தான் என்பது போல அவருக்கு அசதி. பகல் பதினொரு மணிக்கு இந்த வீட்டில் விழித்திருப்பது நானும் அடுப்பில் கொதிக்கும் பூண்டுக் குழம்பும் மட்டும்தான். பேத்தி வந்தபிறகு என் பேத்தல் பாதியாகக் குறைந்துவிட்டது என்று உன் அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். குறையவில்லை, சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாம் உனக்குத்தான்.

போன வெள்ளிக்கிழமை நீ போன் செய்தபோது கயல் எதையோ மறைக்கிறாள் என்று உனக்குத் தோன்றியிருக்கும். மறைத்தது உண்மைதான். மறைக்கச் சொன்னது நான். 'எல்லாம் அத்தை லெட்டர்ல எழுதுறாங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடு என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். குவைத்திலிருந்து நீ பேசுகிற மூன்று நிமிடத்துக்குள் அடங்குகிற விஷயம் இல்லை இது. அதோடு, நான் ஒன்று சொன்னால் நீ நாலு சொல்லுகிற பிள்ளை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் ரூமில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படி. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. நீ புரட்டுவாய் என்று தெரியும், ஆனாலும் புரட்டாதே.

முதலில் உன் மகளைப் பற்றி. மூக்கு உன்னுடையது, அதற்காக அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மற்றதெல்லாம் கயல். கொட்டாவி விடும்போது மட்டும், ஊர்ப் பஞ்சாயத்தை விடியவிடியக் கேட்டுவிட்டு வந்த கிழவி மாதிரி இருக்கிறாள். எடை கூடியிருக்கிறது, தொப்புள் ஆறிவிட்டது, பால் குடிக்கிறாள், கக்குகிறாள், மறுபடியும் குடிக்கிறாள். கவலைப்பட ஒன்றும் இல்லை. கவலையெல்லாம் அவளுடைய அம்மாவைப் பற்றித்தான் இருந்தது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் பக்கத்து வழக்கம். கயலுக்குத் தாய் இல்லை; அவள் ஏழாவது படிக்கும்போதே அந்த அம்மாள் போய்விட்டாள். அவள் அப்பா தங்கராசு ஒற்றை ஆளாக மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டு, தானே பொங்கித் தின்கிற மனுஷர். அந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியை வைத்துப் பார்க்க ஆள் கிடையாது. அதனால் நம் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் பதினாறாம் நாள் தீட்டுக் கழித்துப் பிள்ளைக்குப் பெயர் வைத்தபோது, தாய்வீட்டார் உட்காருவதற்கென்று கூடத்தில் ஒரு பாய் விரித்து வைத்திருந்தோம். எட்டு மணிக்கு விரித்த பாய். பன்னிரண்டு மணிக்குக் கயலே எழுந்து போய் அதைச் சுருட்டி மூலையில் வைத்தாள். பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு பால் கொடுத்தாள். தெருவில் சைக்கிள் பெல் சத்தம் கேட்டால் மட்டும் அவள் தலை தானாக நிமிரும், பிறகு தாழும். கல்யாணத்துக்கும் அந்த மனுஷர் வரவில்லை. சம்பந்தி ஆகியும் சம்பந்தம் இல்லாதவராகவே இருந்துவிட்டார். 'நீ கட்டிக்கம்மா, உன்ன நான் தடுக்கல. ஆனா அந்த வாசப்படிய மட்டும் என்ன மிதிக்கச் சொல்லாத' என்று மகளிடம் சொன்னவர். பேத்தி பிறந்தாலாவது வருவார் என்று கயல் நம்பிக்கொண்டிருந்தாள். அவள் சொல்லவில்லை, அந்தப் பாயைச் சுருட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

நீ அவரை வீம்பு பிடித்தவர் என்பாய். தாத்தா காலத்து நிலத் தகராறை இன்னும் மடியில் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று போன வருஷம் அவருக்கே ஒரு கடிதம் எழுதினாய். எழுதிய பிறகு என்னிடம் போனில் படித்தும் காட்டினாய். 'சரியாத்தான் எழுதியிருக்கே' என்றேன். டேய், அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. இந்த ஊரில் என்னைப் போல வாயாடி கிடையாது. யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவேன். அம்மா குரலில் பால்காரரைத் திருப்பி அனுப்புவேன், வாத்தியார் குரலில் வகுப்பை எழுந்து நிற்க வைப்பேன். ஒரு முறை கணக்குப்பிள்ளை குரலில் அவர் வீட்டுக் கொல்லையில் நின்று காப்பி கேட்டு, காப்பியும் வந்து, குடித்துவிட்டும் வந்தேன். அப்பா திட்டுவார், அம்மா துடைப்பத்தைத் தூக்குவாள், ஊர் சிரிக்கும். ஊர் சிரித்தால் எனக்குப் போதும்.

ஆட்சி மாறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. சுவருக்குச் சுவர் கருப்பு சிவப்பு, வயலுக்கு வயல் செங்கொடி. குத்தகைக்கு உழுகிறவர் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஏறிவிட்டால் அவரை நிலத்தைவிட்டு நகர்த்த முடியாது என்று சட்டம் வந்திருந்தது. உன் தாத்தா, அதுதான் என் அப்பா, வாய்க்கால் தலைப்பில் இருந்த நாலு ஏக்கரைக் கயலின் தாத்தா முருகையனுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். எழுத்து ஒன்றும் கிடையாது, வாய் வார்த்தைதான். முருகையன் இருபது வருஷம் உழுத நிலம். குத்தகை நெல்லை ஒரு போகம்கூடக் குறைத்ததில்லை. பதிவு செய்ய ஆபிசர் வருகிறார், பள்ளிக்கூடத்தில் விசாரணை என்று தலையாரி பக்கிரி ஊர் முழுக்கத் தமுக்கு அடித்துத் தண்டோரா போட்டிருந்தார்.

விசாரணைக்கு முதல் நாள் பொழுது சாயும் நேரம். முருகையன் வீடு வாய்க்கால் கரையில் ஒற்றை வீடு. நான் ஒரு மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு அவர்கள் வேலிக்குப் பின்னால் போய் நின்றேன். டின்னை நாலு தட்டுத் தட்டி, பக்கிரியின் கட்டைக் குரலில், 'இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், ஆபிசர் ஜீப்பு ரிப்பேர், நாளைய விசாரணை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது' என்று இழுத்து இழுத்துச் சொன்னேன். ஏன் செய்தேன் என்று கேட்காதே. அன்று காலையில் அந்தக் குரலைப் பழகியிருந்தேன், பழகியதை யாரிடமாவது காட்ட வேண்டும், அவ்வளவுதான். உள்ளேயிருந்து யாராவது 'ஏ புள்ள, நீதானா' என்று விரட்டிக்கொண்டு வருவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. சரி, கேட்கவில்லை போலிருக்கிறது என்று டின்னை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கேட்டிருந்தது. மறுநாள் காலையில் முருகையன் உழவு மாடு பார்க்கப் பூதலூருக்கு ரயில் ஏறிவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஆபிசர் அந்த நாலு ஏக்கருக்கு யார் சாகுபடி என்று கேட்டார். 'சொந்தச் சாகுபடி' என்றார் என் அப்பா. சுற்றி நின்றவர்கள் வெற்றிலை மென்றார்கள். வாய் நிறைய வெற்றிலை இருந்தால் உண்மையைத் துப்ப முடியாது, எச்சிலைத்தான் துப்ப முடியும். அப்படியே எழுதிக்கொண்டார்கள். விசாரணை முடிந்தது, எனக்கு விசாரம் பிடித்தது.

மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்து, முருகையன் ஏன் வரவில்லை என்று அம்மாவிடம் ஆச்சரியப்பட்டார். நான் பக்கத்தில் போய் நின்று சொன்னேன். அடி விழும் என்று முதுகைத் தயாராக வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் சிரித்தார், தம்பி. என் குறும்புக்கெல்லாம் திட்டிய மனுஷர், அந்த ஒன்றுக்கு மட்டும் சிரித்தார். எனக்கு அப்போதே பயம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

பயம் இரண்டு நாள் கழித்து வந்தது. முருகையன் இதே நம் வீட்டு வாசலில், அப்போது இது என் அப்பா வீடு, வந்து நின்றார். கத்தவில்லை. 'ஐயா, தண்டோராவ மாத்திப் போடச் சொன்னது நீங்களான்னு மட்டும் சொல்லிடுங்க' என்று கேட்டார். பக்கிரி தான் போடவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். காசு வாங்கிக்கொண்டு நடிக்கிறார் என்றார்கள். என் அப்பா உள்ளே போய்க் கற்பூரத்தை எடுத்து வந்து வாசலில் ஏற்றி, அதை அடித்து அணைத்து, 'நான் சொல்லவும் இல்ல, ஆள் வைக்கவும் இல்ல' என்று சத்தியம் செய்தார். பொய்ச் சத்தியம் இல்லை அது. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதுதான் கொடுமை. கற்பூரத்தில் சத்தியம் செய்தபிறகு கேள்வி கிடையாது என்பது ஊர் வழக்கம். முருகையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எந்தக் குரலில் வேண்டுமானாலும் பேசுகிறவளுக்கு அன்றைக்குச் சொந்தக் குரல் வரவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் நீ கேள்விப்பட்டதுதான். அடுத்த போகத்துக்கு முருகையன் ஏரோடு வந்தார், அப்பா போலீசோடு வந்தார். வரப்பில் செங்கொடி நட்டார்கள், பிடுங்கினார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். பெயர் ஏறவில்லை, எழுத்தும் இல்லை. அவர் பக்கம் தோற்றது. இருபது வருஷம் உழுத நிலத்துக்கு எதிரே இருந்த வயலில் கூலிக்கு நடவு பார்த்தார் முருகையன். அந்த நாலு ஏக்கர் எனக்குச் சீதனமாக வந்தது. நீ டிப்ளமா படித்தது அதில்தான். பாஸ்போர்ட் எடுத்ததும் அதில்தான். சாகிறவரை என் அப்பா அதைப் பற்றி என்னோடு பேசவில்லை, நானும் உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. நீ அந்தக் குடும்பத்துப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றபோது உன் அப்பா ஒரு வாரம் யோசித்தார். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பெரிய மனசு என்று நீ நினைத்துக்கொண்டாய். அவள் நம் வீட்டுக்கு வந்துவிட்டால் நான் ஒன்றும் சொல்லாமலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன், அவ்வளவுதான். அதுவும் ஒரு திருட்டுத்தனம்தான்.

சரியாகவில்லை. உன் மகள் பிறந்த அன்று நன்னிலம் ஆஸ்பத்திரியில் மாடி ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், சைக்கிள் ஸ்டாண்டில் தங்கராசு அண்ணன் நிற்கிறார். ஒரு மணி நேரம் நின்றார். ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ரொட்டியையும் ஒரு நர்ஸ் பெண்ணிடம் கொடுத்து அனுப்பிவிட்டுப் போய்விட்டார். கயலிடம் அதைக் கொடுத்தேன். அவள் பாட்டிலைத் திறக்காமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். கோபக்காரர் ஒரு மணி நேரம் வெயிலில் நிற்பாரா? எனக்கு அப்போதே உறுத்தியது. பதினாறாம் நாள் அந்தப் பாயைப் பார்த்தபிறகு, இனிமேல் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

பத்தொன்பதாம் நாள் காலை, கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வடக்குத் தெருவுக்குப் போனேன். தங்கராசு அண்ணன் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பயந்துவிட்டார். நல்லா இருக்கிறாள் என்றேன். மறுபடியும் சுற்ற ஆரம்பித்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்ணே, அன்னிக்கு உங்க வேலிக்குப் பின்னால தண்டோரா போட்டது பக்கிரி இல்ல. எங்கப்பா ஆளும் வைக்கல. நான்தான்."

அவர் நிமிரவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"தெரியும்" என்றார்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பக்கிரி அண்ணன் 'இதனால் சகலமானவர்களுக்கும்'னு ஆரம்பிச்சா முடிக்கிறதுக்குள்ள நாலு தரம் இருமுவாரு. நீ எல்லாம் கரெக்டா பண்ணுன. இருமல மட்டும் விட்டுட்ட."

தம்பி, எனக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது, அடடா, இருமலை விட்டுவிட்டோமே என்ற நினைப்பு. இத்தனை வருஷம் கழித்தும் புத்தி எங்கே போகிறது பார். அதற்குப் பிறகுதான் அவர் சொன்னது உறைத்தது. தெரியும் என்றால் அன்றைக்கே தெரியும். அன்றைக்கே தெரியும் என்றால் அவர் ஏன் அவருடைய அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

கம்பியைக் கீழே வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் அவர் வேலிக்கு உள்பக்கம், மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றாராம். பதினாறு வயது. என் குரல் என்று தெரிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த முருகையன் அதை நிஜம் என்று நம்பிவிட்டார். 'நாளைக்கு வேல இல்லன்னா பூதலூர்ல போயி மாடு பாத்துட்டு வந்துடலாம். நீயும் வாடா, ரயில்ல போவலாம்' என்று மகனைக் கூப்பிட்டிருக்கிறார்.

"நான் அதுக்கு முன்னால ரயில்ல ஏறுனதே இல்ல" என்றார் தங்கராசு அண்ணன். "வாயத் தொறந்தா ரயில் போயிடும். ஆபிசரு வர்றேன்னு சொல்லிட்டு ஏற்கெனவே ரெண்டு தரம் வரல. இந்தத் தரமும் வரமாட்டாரு, வந்தாலும் இன்னொரு நாள் வருவாருன்னு நெனச்சேன். தஞ்சாவூர்ல எறங்கி வேற ரயில் மாறினோம். ஜன்னலோரம் எனக்குத்தான் குடுத்தாரு. இன்னைக்கு வரைக்கும் ரயிலு கூவுற சத்தம் கேட்டா எனக்குச் சோறு எறங்காது."

பிறகு அவர் சொன்னதைத்தான் நான் இந்தக் கடிதத்தில் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். "எங்கப்பா உங்க வாசல்ல வந்து கேட்டாருல்ல. நான் அவருக்குப் பின்னால நின்னேன். நீ கதவுக்குப் பின்னால நின்ன. உன் கால் தெரிஞ்சுது. ரெண்டு பேருக்கும் தெரியும். ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. அந்த எடத்துல வந்து நான் எப்புடிம்மா நிக்கிறது? உங்க மேல கோவம்னு ஊரு நெனச்சுக்கிச்சு, எனக்கும் அது சௌகரியமாப் போச்சு."

வீம்பு என்றாயே, கேட்டாயா? அவர் காலை அந்த வாசலுக்கு வெளியே கட்டிப் போட்டிருந்தது கோபம் இல்லை. அதை அவிழ்க்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். நான் இங்கே உட்கார்ந்து குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன்.

வருகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பக்கிரியின் மகன் வீட்டுக்குப் போனேன். பக்கிரி அண்ணன் போய்ச் சேர்ந்து ஆறேழு வருஷம் ஆகிறது. அவர் காசு வாங்கவில்லை என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். 'எங்களுக்குத் தெரியுங்க. ஊருக்குத்தான் தெரியாது. ஊர்ல சொல்லுங்க' என்றான். அன்று சாயங்காலமே தேர்முட்டியில் நாலு பேர் இருந்தபோது சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. உன் அப்பாவிடமும் சொன்னேன். அவர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை, மறுநாள் காலையில் காப்பி கேட்டார். அது அவர் முறை. கயலிடம் மட்டும் சொல்லவில்லை. அதைத் தான்தான் சொல்ல வேண்டும் என்று தங்கராசு அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வாசலில் 'கயலு' என்று குரல் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது அவருடைய கால். முழங்கால் வரை சேறு. மழை இல்லை, ரோடு காய்ந்து கிடந்தது. சம்பாவுக்குச் சேறு அடித்து, வரப்பு அணைத்துப் போட்டிருக்கிறார்கள் நம் நாலு ஏக்கரில். கால் வைத்தால் புதைகிற புது வரப்பு. அந்த வரப்பில் அவர் காலே வைத்ததில்லை, பிள்ளையாருக்கு எண்ணெய் வைக்கப் போவதற்குக்கூட ஒரு மைல் சுற்றி ரோட்டில் போகிறவர் என்று ஊருக்கே தெரியும். அன்று அதன் வழியாகவே வந்திருந்தார். கயல் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தவள், அந்தக் காலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

கால் கழுவித் தண்ணீர் குடித்துவிட்டு, பிள்ளையைத் தொடாமல், கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ரயிலை மறைக்கவில்லை. நான் என் பங்கைச் சொன்னேன். கயல் பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் தாத்தா கடைசிக் காலத்தில் கூலி வேலைக்குப் போய்விட்டு வந்து கை நடுங்க இவளுக்குக் கடலை உரித்துக் கொடுப்பாராம். அந்தக் கை அவளுக்கு ஞாபகம் இருக்கும். நாங்கள் இரண்டு பேரும் கூடத்தில், பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி ஆளுக்கொரு தூணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. கதவு திறந்தது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நேரே வந்து பிள்ளையை அவர் மடியில் வைத்தாள்.

"இது தாத்தா, அது அப்பாயி. நல்லாப் பாத்துக்க" என்று மகளிடம் சொன்னாள். "பெரியவளானதும் இவங்க ரெண்டு பேரும் எது சொன்னாலும் விசாரிக்காம நம்பாத."

அவர் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் உட்கார்ந்திருந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அன்று மத்தியானம் நம் வீட்டில் சாப்பிட்டார். உன் அப்பா இலையில் உட்கார்ந்துகொண்டு, பம்புசெட் மோட்டார் ஏன் சூடாகிறது என்று ஒரு மணி நேரம் அவரிடம் சந்தேகம் கேட்டார். நம் வீட்டில் பம்புசெட்டே கிடையாது. அன்றைக்குப் பிறகு கயல் சைக்கிள் பெல்லுக்குத் தலை நிமிர்த்துவதில்லை. அவர் தினமும் வந்துவிடுகிறார். எனக்கு மூச்சு விடுவது இத்தனை சுலபம் என்பதே மறந்துபோயிருந்தது, தம்பி. பதினைந்து வயதில் இழுத்துப் பிடித்த மூச்சு.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், அப்பன் ஆகிவிட்டாய் என்பதால். உனக்குப் பத்து வயதில் வாத்துக்காரர் பட்டியைத் திறந்துவிட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? அவர் வாய்க்கால் வாய்க்காலாக இருட்டும் வரை வாத்து தேடினார். நீ வந்து என்னிடம் சொன்னபோது முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன், உனக்கு அதிரசமும் கொடுத்தேன். என் அப்பா எனக்குச் செய்ததையே நான் உனக்குச் செய்தேன். உன் மகளுக்கு நீ அதைச் செய்யாதே. அவளுக்கு என் வாய்தான் வரும், அவள் அழுகிற சத்தத்திலேயே அது தெரிகிறது. ஏதாவது செய்துவிட்டு ஒரு நாள் உன்னிடம் வந்து நிற்பாள். அடிக்காதே, சிரிக்கவும் சிரிக்காதே. செருப்பை மாட்டிக்கொண்டு, 'யாருகிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட போவலாம், வா' என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ. அன்று மத்தியானம் என் அப்பா சோற்றை விட்டு எழுந்து அதைச் செய்திருந்தால், ஆபிசர் ஜீப் ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது.

நிலத்தைப் பற்றி. உன்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டேன், கோபித்துக்கொள். தங்கராசு அண்ணனிடம்தான் முதலில் கேட்டேன். 'அப்பா பேருல ஏறாதது என் பேருல ஏறக் கூடாது' என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். அதனால் கயல் பெயருக்கு எழுதுகிறேன். உனக்கு இல்லை, கயலுக்கு. நீ தை மாதம் லீவில் வரும்போது சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். போடமாட்டேன் என்று சொல்வதாக இருந்தால் லீவையே போடாதே. திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு. போனில் திட்டினால் உனக்குத்தான் செலவு.

நேற்று நன்னிலத்தில் பத்திரம் எழுதுகிறவரிடம் நானும் தங்கராசு அண்ணனும் போனோம். சர்வே நம்பர், நாலு எல்லை எல்லாம் சொன்னேன். வயலுக்குப் பெயர் உண்டா என்று கேட்டார் அவர். நான் வாய்க்கால் தலைப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கராசு அண்ணன் அதுவரை பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தவர், எழுந்து வந்தார். "முருகையன் வயல்னு போடுங்க" என்றார். பத்திரம் எழுதுகிறவர் பழைய தாளை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு பெயர் எதிலும் இல்லையே, யார் இந்த முருகையன் என்று கேட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"சாகுபடி பண்ணவரு" என்றார் தங்கராசு அண்ணன்.

எழுதுகிறவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

உன் மகள் சிணுங்குகிறாள். போகிறேன்.

உன் அம்மா